பலம் கூடினால் போதுமா? – கடிதம்

வணக்கம்.

அண்மையில் வந்த சில புரோகிரஷன் ஃபான்டஸி (நாயகன் படிப்படியாகப் பலம் கூடிக்கொண்டே போகும் மாயாஜாலக் கதை) தொடர்களை வாசித்தேன். முதல் இரண்டு பாகங்களைக் கீழே வைக்க மனமில்லை. நான்காம் பாகத்தில் அலுத்துவிடுகிறது. நாயகனின் பலம் கூடக்கூட அவன்மேல் எனக்கிருந்த அக்கறை குறைகிறது. அவன் பலத்தை எண்களில் காட்டும் அந்த நிலை அட்டவணைகளைத் தாண்டித்தான் வாசிக்கிறேன். இந்த வகையே இவ்வளவுதானா?

ர., வெள்ளவத்தை

அன்புள்ள ர.,

வகையில் பிழையில்லை. நாயகன் ஒரு படி ஏறியதும் அதே படியில் புதிய எதிரி ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சண்டை பழையதுதான், எண் மட்டும் பெரிது. வருடாவருடம் சாதாரண தரப் பரீட்சையையே எழுதும் பிள்ளைமேல் எவ்வளவு காலம் அக்கறை நிற்கும்?

வில் வைட்டின் ‘கிரேடில்’ (12 பாகங்கள், 2016–2023) இதைச் சரியாகக் கையாள்கிறது. நாயகன் லிண்டனின் ஊரான பள்ளத்தாக்கு அழியப்போவதையும், உலகின் உச்சத்தில் நிற்பவர்களையும் முதல் பாகத்திலேயே காட்டிவிடுகிறார். ஏறவேண்டிய தூரமும் அதற்கான கெடுவும் நமக்குத் தெரியும். ஒன்பதாம் பாகத்தில் அவன் ஊர் திரும்பும்போது, அன்று அவனை நடுங்கவைத்த பெரியவர்கள் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அந்த மண்ணுக்குள் நுழைபவரின் பலம் வற்றும். அதைவிட, ஊரைவிட்டு வெளியேறுங்கள் என்றால் சனம் நம்பவேண்டுமே! அடித்துத் தீர்க்கமுடியாத சிக்கல் அது.

‘மதர் ஒஃப் லேர்னிங்’ (2011–2020) வேறு வழியில் போகிறது. நாயகனுக்கு ஒரே மாதம் திரும்பத் திரும்ப வருகிறது. சேர்த்த காசு மாதமுடிவில் போய்விடும், கற்றது மிஞ்சும். அட்டவணை இல்லாமலே வளர்ச்சி தெரிகிறது.

தொடர்களை நீட்டி முழக்குவதற்குக் காரணம் எழுத்தாளரின் பிழைப்பு. இணையக் கதைத் தளமான ரோயல் ரோடில் அத்தியாயங்கள் இலவசம். முந்தி வாசிக்க விரும்புபவர், படைப்பாளிக்கு நேரடியாகப் பணம் கட்டும் தளமான பேட்ரியனில் மாதச்சந்தா கட்டுவார். பிறகு அமேசனின் சந்தா மின்னூலகமான கிண்டில் அன்லிமிட்டடில் வாசிக்கப்பட்ட பக்கக் கணக்குக்குப் பணம். கதை முடிந்தால் சந்தாவும் முடியும். எனவே படிகள் முளைத்துக்கொண்டே இருக்கும். அட்டவணைகளைத் தாராளமாகத் தாண்டுங்கள். (ஒலிப்புத்தகத்தில் அவற்றை வரிவரியாகக் கேட்பது தண்டனை.)

புதிய தொடர் எடுத்தால் முதல் படியேற்றத்தில் இரண்டைக் கவனியுங்கள்: முன்பு முடியாத எது இப்போது முடிகிறது, அதற்கு என்ன விலை கொடுத்தான். கர்ணன் பொய் சொல்லிப் பரசுராமரிடம் அஸ்திரம் பெற்றான்; வேண்டிய நேரத்தில் அது மறக்கும் என்ற சாபமும் கூடவே வந்தது. அதனால்தான் அவன் வில்லெடுக்கும்போதெல்லாம் நமக்குப் பதற்றம். மூன்றாம் படியேற்றத்திலும் விலை எதையும் காணாவிட்டால் புத்தகத்தை மூடிவிடுங்கள்.

‘கிரேடில்’ முதல் பாகம் கொஞ்சம் மந்தம். இரண்டாம் பாகம் முடியும்வரை பொறுங்கள்.