நகரத்தின் எல்லையைக் கட்டடங்களைக் கொண்டு வரையறுப்பது

வணக்கம். செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கட்டடப் பரப்பு நிர்வாக எல்லையைத் தாண்டிப் போவதால், ஆய்வேட்டில் நகரம் எங்கே முடிகிறது என்று எழுதத் தெரியாமல் தவிப்பதாகச் சொல்லியிருந்தீர்கள். நிர்வாக எல்லை அரசாணையால் மாறக்கூடியது. நீங்கள் ஆராய்வது நகரத்தின் உருவத்தை என்பதால், கட்டடங்களின் தொடர்ச்சியையே அடிப்படையாகக் கொள்ளுங்கள்.

பிரான்சின் புள்ளியியல் துறை இதற்குத் தெளிவான அளவுகோல் வைத்திருக்கிறது: இரு கட்டடங்களுக்கு இடையே 200 மீட்டருக்கு மேல் இடைவெளி இல்லாமல் தொடரும், குறைந்தது 2,000 பேர் வசிக்கும் பரப்பே ஒரு நகர்ப்புற அலகின் அடிப்படை. படத்தில் ஒரு சாலையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்ப் பாருங்கள்: ஒட்டி நின்ற வீடுகள் விலகி, காலிமனைகள் தலைகாட்டி, ஓரிடத்தில் வயல் தொடங்கும். அந்த இடைவெளியை அளக்கும்போதுதான் உண்மையான சிக்கல் வரும், ஏனெனில் நடுவே மயானமோ விளையாட்டரங்கமோ இருந்தால் அது 200 மீட்டரைத் தாண்டினாலும் நகரம் அங்கே அறுபடுவதில்லை. அத்தகைய இடங்களைக் கட்டடமாகவே கணக்கிடலாம். ஆறு குறுக்கிட்டால், பாலம் இல்லாதபோது மட்டும் அதை முறிவாகக் கொள்ளுங்கள்.

2020இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையம் ஏற்ற முறையில், நிலத்தைச் சம சதுரக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கும்போது, சதுர கிலோமீட்டருக்கு 1,500 பேராவது வாழும் கட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, மொத்தம் 50,000 பேரை எட்டினால் அது நகரம். இது மக்களடர்த்தியை அளப்பது, உருவத்தை அன்று. ஆகவே ஒப்பீட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். எந்த ஆண்டின் படத்தில் அளந்தீர்கள் என்பதையும் மறக்காமல் குறிப்பிடுங்கள்.