பால் இல்லாதவளுக்கு நைட்டி எப்படி நனையும்?

கேள்வி: எனக்குப் பெண் குழந்தை பிறந்து 26 நாள் ஆகிறது. சுகப்பிரசவம். அம்மாவுக்கு முதுகில் ஆபரேஷன் ஆனதால் ஊத்தங்கரைக்குப் போகாமல் மாமியார் வீட்டிலேயே இருக்கிறேன். எனக்குப் பால் பத்தவில்லை. சாயங்காலம் 6 மணிக்கு மாரில் வாய் வைத்தால் 10 மணி வரை விடுவதில்லை, எடுத்தால் அழுகிறாள். மாமியார் ‘உன் பால் தண்ணியா இருக்கு’ என்கிறார். களி, கீரை கண்ணில் காட்டுவதில்லை. கணவர் மட்டும்தான் எனக்கு ஆறுதல். விடியற்காலை 5 மணிக்கு ஓசூர் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், ராத்திரி 11 மணிக்கு அவரே போர் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, ஒரு குத்துமதிப்பாகப் பவுடர் போட்டு, பாட்டிலில் கொடுத்து என்னைத் தூங்கவிடுகிறார். குழந்தையும் 4 மணி வரை தூங்குவாள். நான் எழும்போது நைட்டி நனைந்து, மார் கல்லாக இருக்கும். மாற்றிக்கொண்டு உட்கார்ந்தால் அழுகையாக வருகிறது. பால் ஊற என்ன சாப்பிடலாம்?
— பெயர் வேண்டாம், பாலக்கோடு அருகே

பதில்: பால் ஊற என்ன சாப்பிடலாம் என்ற கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வருகிறது. பூண்டு, வெந்தயம், சுறாப்புட்டு என்று அடுக்க உன் மாமியாருக்கே தெரியும். அதை விடு. நீ போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்கு வா. விடியற்காலை நைட்டி நனைந்திருக்கிறது, மார் கல்லாக இருக்கிறது என்கிறாய். பால் இல்லாதவளுக்கு நைட்டி எப்படியம்மா நனையும்?

மேலே ‘பால் பத்தவில்லை’, கீழே ‘நைட்டி நனைகிறது’. இரண்டையும் எழுதியது ஒரே கைதான். ஊரே ‘பால் இல்லை’ என்று சொன்னதும், நனைந்த துணியைப் பார்த்த பிறகும் நீ அதையே நம்பிக்கொண்டிருக்கிறாய். இதுதான் எனக்குக் கோபம்.

இறைக்கிற கிணறு ஊறும் என்று உன் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மார்பும் அப்படித்தான். பிள்ளை குடித்துக் காலியாக்கினால் சுரக்கும். பல மணி நேரம் நிரம்பியே நின்றால், ‘இவ்வளவு தேவையில்லை போலிருக்கிறது’ என்று உடம்பு சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் சுரக்கவைக்கும் ஹார்மோன் அதிகமாக இருப்பது நடு ராத்திரியிலிருந்து விடியற்காலை வரை. நீ எந்த நேரத்தில் கிணற்றை மூடிவைத்திருக்கிறாய் என்று கணக்குப் பார். 10 மணிக்கு மார் விட்டால் அடுத்தது 4 மணி. ஆறு மணி நேரம். பிறந்து 26 நாள் ஆன பிள்ளைக்கு 24 மணி நேரத்தில் 8 முதல் 12 தடவை பால் வேண்டும். அதில் இரண்டு தடவை அந்த ஆறு மணி நேரத்துக்குள் வந்திருக்க வேண்டியவை.

சாயங்காலத் தொந்தரவுக்குப் பெரிய விளக்கம் வேண்டாம். அந்த நேரத்தில் மார் தளர்ந்து மெத்தென்று இருக்கும். பால் கொஞ்சம் கொஞ்சமாக வரும். பிள்ளை விட்டுவிட்டுக் குடிக்கும். மூன்று வாரத்திலும் ஆறு வாரத்திலும் பசி திடீரென்று கூடும், அப்போது இன்னும் ஒட்டிக்கொள்ளும். அழுகை ஆறாவது வாரம் வரை ஏறும், மூன்றாவது நான்காவது மாதத்தில் தானே இறங்கும். அந்த நாலு மணி நேரமும் அவள் நாளைக்கான பாலுக்குச் சொல்லிவைக்கிறாள். நீ அதைக் குறையென்று எடுத்துக்கொண்டு 11 மணிக்குப் பாட்டிலுக்கு வழிவிடுகிறாய். பால் ‘தண்ணியாக’ இருப்பதும் அப்படித்தான். ஆரம்பத்தில் வருவது நீலம் பாரித்த நீர்ப்பால். மார் காலியாக ஆகக் கொழுப்பு கூடிவரும். ஒரு பக்கம் முழுசாகக் குடித்து அவளாக விட்ட பிறகுதான் மறுபக்கம் மாற்ற வேண்டும். கடிகாரம் பார்த்துப் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மாற்றினால் நீர்ப்பால் மட்டுமே வயிற்றுக்குப் போகும், காற்று சேரும், அழும்.

இப்போது உன் கணவர். ‘கணவர் மட்டும்தான் ஆறுதல்’ என்று எழுதியிருக்கிறாய். விடியற்காலை பஸ்ஸுக்குப் போகிறவர் 11 மணிக்கு எழுகிறாரே, அந்த மனசு பெரிது. ஆனால் பிள்ளைக்குப் பால் தருவது உன் உடம்பின் வேலை. அந்த உடம்பைத் தாங்குவது அவர் வேலை. அவர் உன் வேலையை எடுத்துக்கொண்டார், தன் வேலை அப்படியே கிடக்கிறது. அவர் 11 மணிக்கு எழட்டும். அந்தக் கையில் பாட்டில் வேண்டாம். ஈரத்துணியை மாற்றட்டும், பிள்ளையைத் தூக்கி உன் பக்கத்தில் தரட்டும், உனக்கு ஒரு சொம்பு தண்ணீர் வைக்கட்டும், குடித்து முடித்ததும் தோளில் போட்டு முதுகைத் தட்டி ஏப்பம் வரவைத்துத் தொட்டிலில் போடட்டும். இதற்கு அரை மணி நேரம். அடுப்பு மூட்டிப் பாட்டில் கழுவி ஆறவைக்க அவருக்கு இதே நேரம்தான் ஆகிறது. 2 மணிக்கு வரும் தடவைக்கு மாமியார் எழட்டும். ஒரு வீட்டில் பிள்ளை பிறந்தால் ராத்திரியை வீடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அடுத்தது அந்தப் போர் தண்ணீர். இதைப் படித்தபோது எனக்கு வயிறு கலங்கியது. தருமபுரி, கிருஷ்ணகிரி பாறைப் பூமியின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு என்ற உப்பு பல ஊர்களில் அளவுக்கு மேல் இருக்கிறது. அதற்காகத்தான் காவிரியிலிருந்து ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013-ல் திறந்தார்கள். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீரே இல்லை என்றால் 1.5 வரை. நன்றாகக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் உள்ள தண்ணீரைக் கால்பங்கு வற்றும்வரை கொதிக்கவிட்டால், மிச்சத்தில் அது 2.7 ஆகும். உன் கணவர் அக்கறையாகக் கூடுதல் நேரம் கொதிக்கவைப்பது பிள்ளைக்கு இன்னும் கேடு. நிலைத்திருக்க வேண்டிய பற்கள் ஈறுக்குள் உருவாவது பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது. நம் பக்கத்துப் பிள்ளைகள் பல்லில் பார்க்கிற பழுப்புக் கறை, பல் உருவாகும் அந்த வருஷங்களில் ஃப்ளோரைடு கூடுவதால் விழுவதுதான். நீ அந்தத் தண்ணீரையே குடித்தாலும் உன் பாலில் ஃப்ளோரைடு மிகக் கொஞ்சமாகத்தான் இறங்கும். இவ்வளவு நல்ல வடிகட்டியை உடம்பில் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரில் பவுடர் கரைக்கிறீர்கள். உங்கள் போர் தண்ணீரில் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கச் சொல். உனக்கும் குடிக்க, சமைக்க ஒகேனக்கல் தண்ணீரைக் குடத்தில் பிடித்து மூடிவை.

இன்று ராத்திரியே பாட்டிலை நிறுத்து. நாளுக்கு ஒரு பாட்டில்தான் என்பதால் படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. 11 மணிக்கு ஒன்று, 2 மணிக்கு ஒன்று, 4 அல்லது 5 மணிக்கு ஒன்று. அவளாக எழாவிட்டாலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாதே. மார் கல்லாக இருக்கும்போது பிள்ளையால் கவ்வ முடியாது, காம்பு மட்டும் வாயில் போய்ப் புண்ணாகும். முதலில் ஒரு நிமிஷம் கையால் கறந்துவிடு. கட்டைவிரல் மேலே, ஆள்காட்டி விரல் கீழே, காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளிவைத்து, நெஞ்சுப் பக்கமாக உள்ளே தள்ளி, பிறகு அழுத்தி விடு. தோலின் மேல் வழித்து இழுக்கக் கூடாது, எரியும். கருவட்டம் மெத்தென்று ஆனதும் பிள்ளையை வை.

வைக்கும்போது அவள் வயிறு உன் வயிற்றில் ஒட்டியிருக்க வேண்டும். காது, தோள், இடுப்பு ஒரே கோட்டில். காம்பு அவள் மூக்குக்கு நேராக. கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறந்ததும் சட்டென்று அவளை உன் பக்கம் கொண்டுவா. நீ அவள் மேல் குனியாதே. கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும், மோவாய் மாரில் அமிழ வேண்டும், கருவட்டம் வாய்க்கு மேலே கொஞ்சம் தெரியலாம், கீழே தெரியக் கூடாது. ‘சப் சப்’ என்ற சத்தம் வந்தால் காற்று போகிறது என்று பொருள். சுண்டு விரலை வாயோரம் விட்டு எடுத்துத் திரும்ப வை.

ராத்திரி படுத்துக்கொண்டே கொடு. ‘படுத்துக் குடுத்தா காதில் சீழ் வரும்’ என்பார்கள். ஒருக்களித்து, அவளும் உன்னைப் பார்த்து ஒருக்களித்து, முதுகுக்கு உன் முழங்கை அண்டை கொடுத்தால் ஒன்றும் ஆகாது. தரையில் பாயில், தலையணை போர்வை அவள் முகத்துக்கு அருகில் இல்லாமல். முடிந்ததும் தொட்டிலுக்கு அவளை எடுத்துப்போகக் கணவர் விழித்திருக்கிறார் என்பதற்காகத்தான் அவரை எழச் சொன்னேன்.

கொடுத்த பிறகும் கட்டி இருந்தால் ஈரத்துணியைக் குளிர்ச்சியாகப் பத்து நிமிஷம் வை. ஒரு பக்கம் சிவந்து, குளிர்க்காய்ச்சல் வந்தால் அது பால்கட்டுக் காய்ச்சல். பால் கொடுப்பதை நிறுத்தாமல் மறுநாளுக்குள் டாக்டரைப் பார்.

கையால் கறந்த பாலைச் சுத்தமான ஸ்டீல் கிண்ணத்தில் மூடிவைத்தால் நம் ஊர் வெயிலில் மூன்று மணி நேரம் வைத்திருக்கலாம். நீ குளிக்கப் போகும்போது மாமியார் பாலாடையால் புகட்டலாம். பாலாடைதான், பாட்டில் கூடாது. பாட்டிலில் வாய் வைத்ததுமே பால் கொட்டும். அதற்குப் பழகிய பிள்ளை மாரில் உழைக்க மாட்டேன் என்று முறுக்கும். பாட்டிலின் கழுத்தையும் ரப்பரையும் உள்வரை தேய்த்துக் கழுவுவதும் நடக்கிற காரியமில்லை. பால் பவுடருக்கும் பாட்டிலுக்கும் விளம்பரமே கூடாது என்று 1992-லேயே இந்த நாட்டில் சட்டம் போட்டார்கள், சும்மாவா?

எடை ஏறாமல் டாக்டரே பவுடர் பால் எழுதிக்கொடுத்தால் அது வேறு. அப்போதும் குத்துமதிப்பு கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் அளவு எதுவோ அதுதான். பெரும்பாலும் 30 மில்லி தண்ணீருக்கு அந்த டப்பாவின் கரண்டியில் தலை தட்டிய ஒரு கரண்டி. 90 மில்லிக்கு மூன்று. முதலில் தண்ணீர், பிறகு பவுடர். கூடினால் மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும். குறைந்தால் வயிறு நிறையும், எடை ஏறாது. ஃப்ளோரைடு இல்லாத தண்ணீரைக் கொதிக்கவைத்து, அரை மணி நேரத்துக்குள், சூடு இருக்கும்போதே கலந்து, பிறகு ஆறவைக்க வேண்டும். பவுடரிலும் கிருமி இருக்கும், அந்தச் சூட்டில்தான் சாகும். குடித்து மிஞ்சியதைக் கீழே கொட்டு. ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை தொடவே கூடாது.

களி, கீரையைத் தடுப்பது அறியாமை. உன் மாமியார் பெற்று வளர்த்தவர், அவரோடு சண்டைக்குப் போகாதே. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. பால் கொடுக்கிறவளுக்கு அதைவிட மலிவாக எது கிடைக்கும்? மதியம் ஒரு உருண்டை களி, கீரைக் கடைசல், ஒரு முட்டை கேட்டு வாங்கிச் சாப்பிடு. தாகம் எடுத்தால் குடி. தண்ணீரைக் கட்டிவைக்கிற பத்தியம் வேண்டாம். சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச் சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின் 180 நாள் போட வேண்டும். இரண்டு வாரத்தில் அலமாரியில் போட்டிருந்தால் இன்றே எடு.

அந்த 4 மணி அழுகையை நான் தாண்டிப்போகவில்லை. பிரசவமான முதல் இரண்டு வாரம் காரணமில்லாமல் கண் கலங்குவது பலருக்கும் உண்டு. உனக்கு 26 நாள். இன்னும் தினமும் அழுகை வந்தால், பிள்ளை தூங்கியும் உனக்குத் தூக்கம் வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால் அதற்கு மருத்துவம் உண்டு. அரசின் மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிடு, இலவசம், தமிழில் பேசலாம். உன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடத் தோன்றினால் அன்றே, அந்த நேரமே கணவரிடம் வாய் திறந்து சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ.

பால் பத்துகிறதா இல்லையா என்பதை மாமியாரும் சொல்ல வேண்டாம், நானும் சொல்ல வேண்டாம். நாளுக்கு ஆறு தடவையாவது வெளிர்நிறமாக மூத்திரம் போகிறாளா என்று காலண்டரில் கோடு போடு. புதன்கிழமை தடுப்பூசி நாள். கிராம சுகாதார செவிலியரிடம் துணியில்லாமல் எடை போடச் சொல். பாட்டில் இல்லாமல் ஏழு நாள் கழித்து அதே தராசில் திரும்பவும் போடு. 150 கிராமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் பாட்டிலை அட்டத்தில் ஏற்று. 100-க்குக் கீழே என்றால் அன்றே குழந்தை டாக்டரிடம் போ. மூத்திரம் குறைந்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சுட்டாலோ புதன்கிழமைக்குக் காத்திருக்காதே.

இரண்டு புதன்கிழமையும் மாமியாரைக் கூடவே கூட்டிப்போ. தராசில் எண் விழுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும். இரண்டு எடையையும் எனக்கு எழுதி அனுப்பு.