25 எச்7 கேள்வியில் தடுமாறிய தம்பிக்கு

தம்பி, இயந்திரவியலில் முதல் வகுப்பில் தேறியும், கோவை பம்பு ஆலை நேர்காணலில் ஒரு புஷ்ஷையும் (நடுவில் துளையுள்ள உருளை வடிவ உதிரிபாகம்) வரைபடத்தையும் நீட்டி, '25 எச்7 துளையை எதைக் கொண்டு அளப்பாய்?' என்று கேட்டதும் வாயடைத்துப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததெல்லாம் வீண் என்ற முடிவுக்கு மட்டும் வந்துவிடாதீர்கள்.

அந்தப் பாடம் உங்களுக்கு இருந்ததுதான். துளையின் விட்டம் 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம் என்பதே '25 எச்7' என்பதன் பொருள். வழக்கமான வெர்னியர் காலிப்பரின் மீச்சிற்றளவு, அதாவது அதில் படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு, 0.02 மி.மீ. அனுமதிக்கும் வேறுபாடே 0.021 என்னும்போது அந்தக் கருவி எப்படிப் போதும்? துளையின் உள்விட்டத்தை நுட்பமாக அளக்கும் போர் கேஜ் வேண்டும். ஆயிரக்கணக்கில் உருப்படி வரும் இடத்தில், துளைக்குள் செருகிப் பார்க்கும் இருமுனை உருளையான பிளக் கேஜ்: 'கோ' முனை துளைக்குள் நுழைய வேண்டும், 'நோ-கோ' முனை நுழையவே கூடாது. இரண்டு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த வரையறையை ஒரு புஷ்ஷைக் கையில் வைத்து விளக்க அங்கே ஆள் இல்லாமல் போனதே என்றுதான் எனக்குக் கோபம் வருகிறது.

இன்னொரு சான்றிதழ் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள். பொறியியல் பட்டதாரிகளுக்கு உதவித்தொகையுடன் ஓராண்டுத் தொழில் பழகுநர் பயிற்சி இருக்கிறது. தென் மாநிலங்களுக்கான வாரியம் சென்னை தரமணியில் இயங்குகிறது. இந்தத் தேசியப் பயிற்சித் திட்டத்தின் நேட்ஸ் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். ஆலையில் சேர்ந்ததும் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைக் கேட்டு வாங்குங்கள்.

அதுவரை ஒரு வெர்னியர் வாங்கி, கிடைப்பதையெல்லாம் அளந்து வரைந்து பழகுங்கள். 6204 பேரிங்கில் தொடங்கலாம்: உள்விட்டம் 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ. வர வேண்டும்.