ஸ்டேக் ஏன் ரப்பராகிறது?

கேள்வி: ஆம்பூர் பீஃப் பிரியாணி நன்றாகவே செய்வேன். போன ஞாயிறு ஸ்டேக் செய்து பார்க்க, கறியைத் தயிரிலும் இஞ்சி பூண்டு விழுதிலும் ஊறவைத்துத் தோசைக்கல்லில் போட்டேன். தண்ணீர் விட்டு வெந்து ரப்பராகிவிட்டது. வரும் சனிக்கிழமை எங்கள் கல்யாண நாள். வேலை முடிந்து வீடு வரவே ஏழு மணியாகும். அவர் ஒயின் வாங்கி வருகிறேன் என்கிறார். எதை வாங்கச் சொல்வது?
– வாசகி, காட்பாடி

பதில்: தயிரும் விழுதும் பிரியாணியோடு இருக்கட்டும். ஈரக் கறி கல்லில் விழுந்தால், அந்த ஈரம் வற்றும்வரை சிவக்காது. அதற்குள் உள்ளே வெந்து முடிந்துவிடும். உங்களுக்கு நடந்தது அதுதான்.

கடையில் ‘அண்டர்கட்’ கேளுங்கள். முதுகெலும்பை ஒட்டி உள்பக்கமாக ஓடும் பாகம். மாடு அதிகம் வேலை வாங்காத தசை என்பதால் மெத்தென்று இருக்கும். ஒரு மாட்டில் கொஞ்சம்தான் தேறும், முதல்நாளே சொல்லிவையுங்கள். ஒன்றரை அங்குலக் கனத்துக்குக் குறுக்காக வெட்டச் சொல்லுங்கள். அதையும் கடைக்காரர் கத்தியைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். நம் பக்கத்தில் கைப்பழக்கத்திலேயே பிரியாணித் துண்டாக்கிவிடுவார்கள்!

சனிக்கிழமை காலையில் இருபுறமும் உப்பு தடவி, மூடாமல் ஃபிரிஜ்ஜில் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். சாயங்காலத்துக்குள் உப்பு உள்ளே இறங்கி, மேல்பக்கம் காய்ந்திருக்கும். வந்ததும் ஒரு துணியால் ஒற்றி எடுங்கள். கனமான இரும்புக் கல் லேசாகப் புகையும்வரை காயட்டும். கடலை எண்ணெய் விட்டுக் கறியைப் போட்டதும் ‘சொய்ங்’ என்ற சத்தம் வர வேண்டும், வராவிட்டால் கல் காயவில்லை. பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடம். கரண்டியால் அழுத்தக் கூடாது. அப்புறம் தீயைக் குறைத்து, வெண்ணெயும் தட்டிய பூண்டும் போட்டு, உருகிய வெண்ணெயை ஒரு நிமிடம் மேலே மொண்டு ஊற்றுங்கள். மிளகுத்தூள் கடைசியில்தான், முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். கடையில் கிடைப்பது எருமைக்கறியாக இருந்தால் அதில் கொழுப்பு குறைவு, இதற்கு மேல் வேகவிட்டால் வறண்டுவிடும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் முழுதாக வேகவைத்துக் கொடுங்கள்.

இறக்கியதும் வெட்டாதீர்கள், சாறெல்லாம் தட்டில் ஓடிவிடும். ஐந்து நிமிடம் ஆறட்டும். அந்த நேரத்தில் அதே கல்லில், அதே வெண்ணெயில், வேலூர் முள்ளுக் கத்தரிக்காயை வட்டமாக நறுக்கி வாட்டி எடுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய காய், ஸ்டேக்குக்குத் தொட்டுக்கொள்ளவும் சளைக்காது. உருளைக்கிழங்கை விட இதையே சொல்வேன்.

ஒயினுக்கு ஷிராஸ் என்ற ரெட் ஒயின். இன்னொரு ரெட் ஒயினான கேபர்னே சாவின்யோனின் துவர்ப்பை அடக்கக் கொழுப்பு நிறைந்த கறி வேண்டும், அண்டர்கட்டில் அது இல்லை. ஷிராஸுக்கு இயல்பாகவே மிளகு வாசம் உண்டு. நாசிக்கில் தயாராவதே போதும், வெளிநாட்டுப் பாட்டிலுக்குச் செலவழிக்க வேண்டாம். ரெட் ஒயினைக் குளிர வைக்கக் கூடாது என்று யாராவது சொன்னால், வேலூர் வெயிலில் வந்து நிற்கச் சொல்லுங்கள். 16 முதல் 18 டிகிரியில்தான் அது ருசிக்கும், அதனால் அந்த அளவுக்குக் குளிரும்வரை ஃபிரிஜ்ஜில் இருக்கட்டும். பச்சை மிளகாய்ச் சட்னி மட்டும் பக்கத்தில் வேண்டாம், காரம் ஏறினால் ஒயின் தொண்டையில் எரியும்.

மீந்ததை மூடி ஃபிரிஜ்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள். கல்யாண நாள் வாழ்த்துகள்.