பயணத்துக்கு நம்ம பக்கம் எத்தனை சொல்லு? – கேளுங்க அண்ணாச்சி

கேள்வி: அண்ணாச்சி, எம் மக ஏழாம் வகுப்பு படிக்கா. பயணம்ங்கிற சொல்லுக்கு ஒத்த சொல் அஞ்சு எழுதிட்டு வான்னு பள்ளிக்கூடத்துல சொல்லியிருக்காங்க. பிரயாணம், யாத்திரை, அதுக்கு மேல எனக்கு ஓடல. நீங்க சொல்லுங்களேன்.
– ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அஞ்சு என்ன தாயி, அதுக்கு மேலயே இருக்கு. பிரயாணம், யாத்திரை, செலவு, போக்கு, உலா, சவாரி, நடை. ஆனா வரிசையா எழுதி மனப்பாடம் பண்ணா பிள்ளை மனசுல ஒட்டாது, ஒரு சொல்ல எடுத்து இன்னொண்ணு இருக்க எடத்துல வச்சுப் பாக்கச் சொல்லுங்க, அப்பதான் ஒவ்வொண்ணோட குணமும் தெரியும். ஆட்டோக்காரர் “இன்னைக்கு மூணு சவாரிதான் கெடச்சுது”ன்னு சொல்லுவாரு, மூணு யாத்திரைன்னு சொல்ல மாட்டாரு. பச்சை வேட்டி கட்டிக்கிட்டு ராத்திரியெல்லாம் திருச்செந்தூர் ரோட்டுல நடக்காங்கள்லா, அது பாதயாத்திரை. சீசனுக்கு வேன் பிடிச்சு குற்றாலம் போனா டூரு. சாமி கோயில விட்டு வெளிய வந்தா புறப்பாடு, வீதி சுத்தி வந்தா உலா, அந்த உலாவ வச்சுத்தான் சுற்றுலான்னு பின்னால ஒரு சொல்லே உண்டாக்குனாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச சொல்லு அது.

ஒண்ணு கவனிங்க, பிரயாணம் வடமொழில இருந்து வந்தது, பயணம் அதே சொல்லு தமிழ் நாக்குல தேஞ்சு வந்த உருவம். அதனால அந்த ரெண்டையும் ரெண்டு சொல்லாக் கணக்குப் பண்ணாம செலவுங்கிறத எழுதச் சொல்லுங்க. டீச்சர் தப்பு போட்டாங்கன்னா இந்தப் பக்கத்தக் கொண்டு காட்டட்டும்.

கேள்வி: ஐயா, ஒரு பட்டிமன்றத்துல செலவுன்னா பழைய தமிழ்ல பயணம்னு ஒருத்தர் பேசினாரு. செலவுன்னா பணம் போறதுதானே? இது எங்கேயாவது எழுதியிருக்கா, இல்ல மேடைக்காகச் சொல்லுறதா?
– ஒரு கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

பதில்: மேடைக்காகச் சொன்னதில்ல தம்பி, உண்மையே அதுதான். ‘செல்’லுங்கிற வினையில இருந்து வந்தது செலவு, செல்லுதல்னு அர்த்தம். தொல்காப்பியத்துல சொல்லதிகாரத்துல “செலவினும் வரவினும் தரவினும் கொடையினும்”னு ஒரு சூத்திரம் இருக்கு, அதுல செலவு வரவுன்னா போறதும் வாறதும்தான், காசுப் பேச்சே கெடையாது. குறள்ல 422ஆவது குறள் எடுத்துப் பாருங்க, “சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ, நன்றின்பால் உய்ப்ப தறிவு”. மனசு போன போக்குல அதப் போக விடாம கெட்டதுல இருந்து வெலக்கி நல்லதுக்குக் கொண்டு போறதுதான் அறிவாம். இதுல ‘செலவிடா’ன்னா போக விடாம. இன்னைக்குள்ள அர்த்தத்துல படிச்சோம்னா வள்ளுவர் என்னமோ சிக்கனத்தப் பத்திச் சொல்லுத மாதிரி ஆயிரும்.

அப்புறம் எப்படிப் பணத்துக்கு வந்துது? காசும் கைய விட்டுப் போகுது, வருதுல்லா. போற காசு செலவு, வாற காசு வரவு. நம்ம கடைக்காரங்க கணக்கு நோட்டுல வரவு, செலவுன்னு ரெண்டு பக்கம் பிரிச்சு எழுதுறது தொல்காப்பியச் சூத்திரத்துல கெடக்க அதே ஜோடிதான், நெனச்சா எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சங்கப்பாட்டுல ‘செலவழுங்குதல்’னு ஒரு துறை உண்டு. பொருள் தேடக் கெளம்புனவன் வீட்டுல இருக்கவ முகத்தப் பாத்துட்டு, இப்பம் வேண்டாம்னு நின்னுருவான். போறத நிறுத்துறதுதான் அது, செலவக் கொறைக்கதுன்னு அர்த்தம் எழுதி வைக்காதீங்க. பரீட்சைப் பேப்பர்ல அப்படி எழுதுன பிள்ளைகள நான் பாத்துருக்கேன், வருத்தமாத்தான் இருந்துது, அவங்களச் சொல்லிக் குத்தம் இல்ல, நம்ம யாரும் எடுத்துச் சொல்லல.

இதே மாதிரி இன்னொரு ஜோடி போக்குவரத்து. பஸ்சு லாரிக்குன்னு ஆயிட்டு, ஆனா நம்ம ஆச்சிமாரு “அந்த வீட்டுக்கும் நமக்கும் போக்குவரத்து கெடையாது”ன்னு சொன்னாங்கன்னா ரெண்டு வீடும் பேசிக்கிடறதில்லன்னு அர்த்தம். ஒரு வீட்டுக்குப் போறதும் வாறதும் நின்னா ஒறவு நின்னுட்டுன்னுதானே கணக்கு. குளத்துக்கு வரத்து இல்லன்னு சொல்லுறதும் அந்த வரத்துதான்.

கேள்வி: அண்ணாச்சி, எங்க முஸ்லிம் வீடுகள்ல யாராவது வெளிநாட்டுல இருந்தா “பயணத்துல இருக்காங்க”ம்போம். மதுரைக்கோ மெட்ராசுக்கோ போனா அப்படிச் சொல்ல மாட்டோம். கூடப் படிக்கிற பிள்ளைக இதக் கேட்டு, பயணத்துலயே அஞ்சு வருஷமா இருப்பாங்களான்னு கேலி பண்ணுதாங்க. நாங்க சொல்லுறது தப்பா?
– ஒரு வாசகி, மேலப்பாளையம்

பதில்: தப்பே இல்லம்மா. அந்தச் சொல்ல விட்டுராதீங்க. மத்தவங்களுக்குப் பயணம்னா ஏறுனதுல இருந்து எறங்குற வரைக்கும், உங்க வீடுகள்ல ஏறுன அன்னைக்கு ஆரம்பிச்சு திரும்பி வந்து வாசல்ல செருப்பக் கழத்துற வரைக்கும். நடுவுல அவரு துபாய்ல ஒரே கடையில அஞ்சு வருஷம் நின்னாலும் வீட்டுக்காரங்க கணக்குல அவரு இன்னும் வழியிலதான் இருக்காரு. இத விடச் சரியா யாரு சொல்ல முடியும்?

சபர்னும் சொல்லுவீங்க, அரபில இருந்து வந்த சொல்லு. அப்படிப் போயி வேலை பாக்குறவங்களுக்குச் சபராளின்னு பேரு. கெளம்பும்போது சொந்தக்காரங்க வீடு வீடாப் போயி பயணம் சொல்லிட்டு வாறதுன்னு ஒரு வழக்கமும் இருக்கு, விடைபெறுறதுக்கு இவ்வளவு அழகான பேச்சு எனக்குத் தெரிஞ்சு வேற இல்ல.

உங்களுக்கு ஒரு குறள் சொல்லுதேன், 1151. “செல்லாமை உண்டேல் எனக்குரை மற்றுநின், வல்வரவு வாழ்வார்க் குரை.” போகலன்னா அத எங்கிட்டச் சொல்லு, சீக்கிரமா வந்துருவேங்கிறத அன்னைக்கு வரைக்கும் உசுரோட இருக்கவங்ககிட்டப் போயிச் சொல்லுங்கா, பிரிஞ்சு போகப் போறவன்கிட்ட அவன் பொண்டாட்டி. ஏர்போர்ட்டுல கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிற எத்தனை பேரு மனசுல இது ஓடியிருக்கும்!

எங்க அண்ணன் பம்பாய்க்கு வேலைக்குப் போனப்பம் நான் சின்னப் பையன். எங்க அம்ம பயணம்ங்கிற வார்த்தையையே எடுக்க மாட்டா. யாரு கேட்டாலும் “சோலியாப் போயிருக்கான்”ம்பா. சோலின்னா முடிஞ்சதும் வந்துருவான்லா, அதான். ஏழு வருஷமும் அதேதான் சொன்னா.

கேள்வி: “மாமா வீட்டுக்கு ஒரு எட்டு போயிட்டு வா”ங்காங்களே, அது எண்ணு எட்டா?
– ஒரு வாசகர், வள்ளியூர்

பதில்: இல்ல. காலடி. எட்டு வச்சு நடங்கோம்லா, அந்த எட்டு. ஒரு அடி எடுத்து வச்சா வந்துரும், பக்கந்தான், சட்டுன்னு போயிட்டு வந்துருன்னு அர்த்தம். அந்த மாமா வீடு பத்து கிலோமீட்டருக்கு மேல தள்ளி நாங்குநேரியில இருந்தாலும் ஒரு எட்டுன்னுதான் சொல்லுவாங்க, அனுப்புறவங்களுக்கு அவசரம்.

கேள்வி: டவுன் பஸ்ல கண்டக்டரா இருக்கேன். நாங்க நடைம்போம், சிங்கிள்ம்போம். எங்க பேச்சு உங்க அகராதில உண்டா?
– ஒரு வாசகர், வண்ணார்பேட்டை

பதில்: கண்டிப்பா உண்டு தம்பி. ஜங்ஷன்ல இருந்து பாளையங்கோட்டை போய்ச் சேந்தா ஒரு சிங்கிள், திரும்பி வந்தா அடுத்த சிங்கிள், இது நீங்களா உண்டாக்கிக்கிட்ட கணக்கு, சுத்தமா இருக்கு. நடை அத விடப் பழசு. மாட்டு வண்டி காலத்துல “ரெண்டு நடை மண்ணு அடிச்சாச்சு”ம்பாங்க, வண்டி போயி லாரி வந்துது, சொல்லு அப்படியே நிக்கி. திருவிழா நேரத்துல ‘கூடுதல் நடைகள்’னு பேப்பர்ல போடுறதும் இதான். காலே படாத வண்டிக்கு நடைன்னு பேரு வச்சிருக்கோம் பாத்தீங்களா, எல்லாப் போக்குவரத்துக்கும் மூலம் மனுசன் நடந்ததுதானே. கால்டுவெல் பாதிரியார் 1841ல மெட்ராஸ்ல இருந்து நம்ம இடையன்குடிக்கு நடந்தேதான் வந்து சேந்தாரு. ஒரு ஆபீசுல ஒரு கையெழுத்துக்கு நானும் எட்டு நடை நடந்திருக்கேன், “நடையா நடந்தேன்”னு நம்ம சனங்க சொல்லுறதுல எவ்வளவு களைப்பு இருக்குன்னு அப்பந்தான் புரிஞ்சுது.

கேள்வி: சென்னைல இருக்கேன் அண்ணாச்சி. “ஊருக்குப் போறேன்”னு லீவு கேட்டா, எந்த ஊருக்குன்னு கேக்காங்க. நம்ம பக்கம் யாரும் கேக்க மாட்டாங்களே, ஏன்?
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: ஏன்னா நமக்கு ஊர்னா ஒண்ணுதான். நெல்லை எக்ஸ்பிரஸ்ல இடம் கெடச்சுதான்னு கேட்டாலே எல்லாம் கேட்ட மாதிரி. ஆனா இதையே ஊர்ல இருந்துக்கிட்டுச் சொன்னா அர்த்தம் திரும்பிக்கிடும். உங்க வீட்டுக் கதவத் தட்டுனவங்ககிட்ட அம்மா “அவன் ஊருக்குப் போயிருக்கான்”ன்னா வெளியூருக்குப் போயிருக்கீங்கன்னு அர்த்தம். ஒரே சொல்லு, நிக்கிற எடத்தப் பொறுத்து ஒருத்தருக்கு வீடு, ஒருத்தருக்கு வெளிய. நீங்க லீவு லெட்டர்ல திருநெல்வேலின்னு எழுதிருங்க, அம்மாகிட்ட போன்ல ஊருக்கு வாரேன்னு மட்டும் சொல்லுங்க, அவங்க எந்த ஊருன்னு கேக்க மாட்டாங்க, எந்த வண்டின்னுதான் கேப்பாங்க.