கம்பைலர் எழுதப் பொருள்நோக்கு நிரலாக்கம் ஏற்றதா?

ஜாவாவில் பழகியவர் நீங்கள். சிறிய நிரல் மொழி ஒன்றுக்குக் கம்பைலர் (நிரலை எந்திரம் இயக்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) எழுதும்போது, பொருள்நோக்கு முறைப்படி எல்லாவற்றையும் கிளாஸ்களாக, அதாவது தரவையும் அதன் செயல்களையும் ஒன்றாகக் கட்டிய அலகுகளாகப் பிரிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிக்கலாம். நானும் அப்படித்தான் தொடங்கினேன்; இரண்டாவது மாதத்தில் நொந்துபோனேன்.

கம்பைலர் நிரலை ஒரு மரமாகப் பிரித்துக்கொள்ளும்; அதன் ஒவ்வொரு கணுவும் ஒரு நோடு. அதில் எண்ணுக்கு ஒரு கிளாஸ், கூட்டலுக்கு ஒன்று, பெருக்கலுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்குள்ளும் தரவு வகையைச் சரிபார்க்க ஒரு மெத்தட் (கிளாஸுக்குள் இருக்கும் செயல்), எந்திரத்துக்கான நிரலை உருவாக்க ஒரு மெத்தட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு ஒரு சின்ன ஆசை வந்தது: ‘2 + 3’ என்று இருந்தால் கம்பைல் ஆகும்போதே அதை 5 ஆக்கிவிட வேண்டும். அதற்காக இருபதுக்கும் மேற்பட்ட கோப்புகளைத் திறந்தேன். பெரும்பாலானவற்றில் நான் சேர்த்தது ‘உன் பிள்ளைகளிடம் (கீழே உள்ள நோடுகளிடம்) கேள்’ என்பதற்கு நிகரான ஒரே வரி! ஒரு வேலைக்கான மெத்தட்களை எல்லாம் தனி கிளாஸ் ஒன்றில் சேர்க்கும் விசிட்டர் முறைக்கு மாறியதில் கோப்புகளைத் திறக்கும் வேலை குறைந்தது. ஆனால் எந்த மெத்தட் எதை அழைக்கிறது என்று தேடும் வேலை கூடியது.

அதையே ஃபங்ஷன்களை மையமாகக் கொண்ட ஓகேமல் மொழியில் எழுதிப் பார்த்தேன். ‘கூட்டல், இருபுறமும் எண்’ என்ற வடிவத்தை அப்படியே ஒரு வரியில் எழுத முடிந்தது. முழு வேலையும் ஒரே ஃபங்ஷனில் அடங்கியது. பிறகு வகுத்தலைச் சேர்த்தபோது, எந்தெந்த ஃபங்ஷனில் அதைக் கவனிக்காமல் விட்டேன் என்று ஓகேமலே எச்சரித்தது. ரஸ்ட் என்ற நிரல் மொழியின் முதல் கம்பைலர் ஓகேமலில் எழுதப்பட்டதில் எனக்கு வியப்பில்லை.

இந்த இழுபறிக்குக் கணினி அறிவியலாளர் ஃபிலிப் வாட்லர் 1998இல் ‘எக்ஸ்பிரஷன் பிராப்ளம்’ என்று பெயர் வைத்தார். கிளாஸ் முறையில் புதிய நோடு வகையைச் சேர்ப்பது எளிது, புதிய செயலைச் சேர்ப்பது கடினம். ஃபங்ஷன் முறையில் இது தலைகீழ். கம்பைலரில் இலக்கணம் ஓரளவு நிலைத்த பிறகு புதிய நோடு எப்போதாவதுதான் வரும். அதன்மேல் செய்ய வேண்டிய வேலைகளோ பெருகிக்கொண்டே போகும்.

எக்ஸ்86, ஆர்ம் என்று, நிரல் ஓட வேண்டிய செயலி வகைகள் கூடும் இடத்தில் நிலைமை மாறும். அங்கே கிளாஸ்கள் நன்றாகவே பொருந்தும். பல கம்பைலர்களுக்கு அடித்தளமாக இருக்கும் எல்எல்விஎம்மும் அப்படித்தான் செய்கிறது.

இதற்காக நீங்கள் ஜாவாவை விட வேண்டியதில்லை. ஜாவா 21இல் ரெக்கார்டு (தரவை மட்டும் வைக்கும் எளிய கிளாஸ்), சீல்டு இன்டர்ஃபேஸ் (எந்தெந்த கிளாஸ்கள் அதன் கீழ் வரலாம் என்று முன்கூட்டியே வரையறுப்பது), பேட்டர்ன் மேட்சிங் (தரவின் வடிவத்தைப் பொருத்திப் பார்த்தல்) செய்யும் ஸ்விட்ச் மூன்றும் இருக்கின்றன. அந்த ஸ்விட்ச்சில், ‘மற்ற எல்லாவற்றுக்கும் இது’ என்று சொல்லும் ‘டிஃபால்ட்’ மட்டும் போடாதீர்கள். போட்டால், விடுபட்ட நோடைச் சுட்டிக்காட்ட வேண்டிய ஜாவா வாயை மூடிக்கொள்ளும்.