பென் சென்ட்ரல் ஏன் கவிழ்ந்தது?

அன்புள்ள ஐயா,

அமெரிக்க ரயில்வே கம்பெனிகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், பென் சென்ட்ரல் திவாலானதை ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். அதில் இணைந்த பென்சில்வேனியா, நியூயார்க் சென்ட்ரல் இரண்டுமே நூறாண்டு கண்ட ரயில்வே நிறுவனங்கள். இரண்டும் சேர்ந்த பிறகு எப்படி விழுந்தன? நிர்வாகிகளின் சண்டைதான் காரணம் என்று படித்தேன். அவ்வளவுதானா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சண்டை நடந்தது உண்மை. பென் சென்ட்ரலின் தலைவர் ஸ்டூவர்ட் சாண்டர்ஸ் பென்சில்வேனியா ரயில்வேயிலிருந்து வந்தவர். அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ஆல்ஃபிரட் பெர்ல்மன் நியூயார்க் சென்ட்ரல்காரர். அவரவர் ஆட்களைச் சிவப்பு அணி, பச்சை அணி என்றே அழைத்தார்கள். ஆனாலும் பழி முழுவதையும் சண்டையின் மேல் போடுவதை நான் ஏற்க மாட்டேன். இணைப்புக்குக் கொடுத்த விலைதான் கம்பெனியைக் கொன்றது.

இரண்டு கம்பெனிகளும் நியூயார்க்கிலிருந்து சிகாகோவுக்குப் போட்டி போட்டுக்கொண்டு ஓடியவை. நெடுஞ்சாலை லாரிகள் இரண்டின் சரக்கையும் பறித்தன. பயணி ரயில்கள் இரண்டுக்கும் நஷ்டம். இத்தகைய கம்பெனிகளை இணைத்தால் மிச்சம் பிடிக்க வழி ஒன்றுதான்: தடங்களையும் ஆட்களையும் குறைப்பது. தொழிற்சங்கங்களின் சம்மதத்துக்காக 1964இல் வேலை உத்தரவாதம் கொடுத்ததும் அந்த வழி அடைபட்டது. நஷ்டத்தில் தத்தளித்த நியூ ஹேவன் ரயில்வேயையும் ஏற்றாக வேண்டும் என்று அரசு ஆணையம் நிபந்தனை விதித்தது.

இதைவிடப் பெரிய இழப்பு, அதிகம் பேசப்படாதது, நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன். வெர்ஜீனியா, மேற்கு வெர்ஜீனியா நிலக்கரியில் கொழித்த அந்த ரயில்வேயின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பென்சில்வேனியாவிடம் இருந்தது. ஆண்டுதோறும் வந்த ஈவுத்தொகைதான் பென்சில்வேனியாவின் கணக்கைத் தாங்கிப்பிடித்தது. சாண்டர்ஸே 1963 வரை நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னின் தலைவராக இருந்தவர். 1964இல் அது நிக்கல் பிளேட், வாபாஷ் தடங்களைச் சேர்த்துக்கொண்டபோது, பென்சில்வேனியா தன்னிடமிருந்த அந்தப் பங்குகளை விற்றுவிட வேண்டும் என்று ஆணையம் சொன்னது. பென்சில்வேனியாவும் ஒப்புக்கொண்டது. நல்ல வருமானத்தைக் கைவிட்டு, தன்னைப் போலவே நலிந்த ஒருவரோடு கூட்டு சேர்வதை எப்படி வியாபாரம் என்பது?

1968 பிப்ரவரி 1 அன்று இணைப்பு நடந்தது. இரண்டு தரப்பின் கணினி முறைகளும் ஒத்துவரவில்லை. சரக்கு எந்த ஊருக்கு, யாருக்குப் போகிறது என்று சொல்லும் வே-பில் ஒரு யார்டில் கிடக்கும். வேகன் வேறொரு யார்டுக்குப் போய்ச் சேரும். வே-பில் இல்லாத வேகனை எந்த ரயிலில் கோப்பது என்று யார்டு குமாஸ்தாவுக்குத் தெரியாது. வேகன் நிற்கும், அடுத்து வருவதும் பின்னால் நிற்கும். சரக்கு அனுப்பியவர்கள் லாரிக்கு மாறினார்கள். 1970 ஜூன் 21 அன்று கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதுவரை அமெரிக்கா கண்ட மிகப் பெரிய திவால் அது.

1976இல் அரசு உருவாக்கிய கான்ரெய்ல் அந்தத் தடங்களை ஏற்றது. 1999இல் கான்ரெய்லையும் பங்கு பிரித்தார்கள். சிஎஸ்எக்ஸ் என்ற ரயில்வே கம்பெனிக்கு 42 சதவீதம், நார்ஃபோக் சதர்னுக்கு 58 சதவீதம். நார்ஃபோக் சதர்ன் வேறு யாருமல்ல. நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்னும் சதர்ன் ரயில்வேயும் 1982இல் சேர்ந்து உருவானது. பழைய நியூயார்க் சென்ட்ரல் தடங்களில் பெரும்பகுதி சிஎஸ்எக்ஸுக்குப் போக, ஆல்டூனா மலைவளைவு உட்பட பென்சில்வேனியாவின் முதன்மைத் தடம், அது விற்றுத் தள்ளிய கம்பெனியின் வாரிசிடமே வந்து சேர்ந்தது.

அன்புடன்.